மூச்சை அளந்து பார்த்த சுகாதாரக் கிளினிக்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டி (ரப்பர் பால் எடுத்து) ஓய்வுபெற்றவர்களிடம், காலையில் சளி கட்டுகிறது, மேடேறினால் மூச்சு வாங்குகிறது என்ற பேச்சு சாதாரணம். அதை வயதின் மேல் போட்டுவிட்டு இருமல் மருந்தோடு காலம் தள்ளுகிறவர்கள் பலர். என் அத்தையும் அப்படித்தான் இருந்தார். அவருக்கு இருந்தது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (COPD), அதாவது மூச்சுக்குழாய்கள் அடைபட்டுக் காற்று தடையின்றி வெளியேற முடியாத நோய், என்பது பிறகுதான் தெரிந்தது. அவரை எங்கள் பகுதி அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்ற அனுபவத்தை, இதே அறிகுறிகளோடு பெரியவர்கள் இருக்கும் வீடுகளுக்காக எழுதுகிறேன்.

முன்பு அவர் போய்வந்த தனியார் கிளினிக் ஒன்றில், ஒவ்வொரு முறையும் இருமல் மருந்தும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்களே தவிர, மூச்சை அளந்து பார்க்க வேண்டுமென ஒருவரும் சொல்லவில்லை. இங்கே மருத்துவர் கேட்ட கேள்விகளே வேறு. இருமல் எவ்வளவு காலமாக என்பதோடு நிறுத்தாமல், சந்தைக்கு நடந்து போவதை எப்போது விட்டீர்கள், சமதரையில் உங்கள் வயதுக்காரர்களோடு நடந்தால் பின்தங்கிவிடுகிறீர்களா, உடை மாற்றும்போதுகூட மூச்சு முட்டுகிறதா என்று பொறுமையாகக் கேட்டார். இந்தக் கிளினிக்கின் பெருஞ்சிறப்பாக நான் கருதுவது இதைத்தான். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் மூச்சு வாங்கவைக்கும் வேலைகளை ஒவ்வொன்றாகத் தாமே கைவிட்டுவிடுவதால், மூச்சுத் திணறல் உண்டா என்று நேராகக் கேட்டால், இல்லை என்றே பதில் சொல்லிவிடுவார்கள்.

அத்தை சிகரெட்டைத் தொட்டதில்லை. ஆனால் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை செய்தவர். லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) விறகடுப்பில் சமைத்தவர். புகைபிடித்தலே முதன்மைக் காரணம் என்றாலும், ஆண்டுக்கணக்கில் சுவாசித்த விறகுப் புகையும் வேலையிடத் தூசியும்கூட இந்நோயைக் கொண்டுவரும் என்று மருத்துவர் விளக்கினார். ஆஸ்துமா பெரும்பாலும் இளவயதிலேயே தொடங்கி வந்து வந்து போகும் என்பதையும், இந்த அடைப்பு நோய் பொதுவாக 40 வயதைத் தாண்டிய பிறகு தலைகாட்டி மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும் என்பதையும் அவர் வேறுபடுத்திக் காட்டினார். சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்து, காசநோய் இல்லை என்று உறுதிசெய்த பின்னரே, மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனைக்கு நாள் கொடுத்தார்கள்.

அந்தச் சோதனை எளிதன்று. மூக்கில் கிளிப் மாட்டி, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, குழாயில் முடிந்த அளவு பலமாகவும் வேகமாகவும் ஊதி, காற்று முழுவதும் தீரும்வரை நிறுத்தாமல் ஊதிக்கொண்டிருக்க வேண்டும். முதல் ஊதல் இருமலில் பாதியிலேயே நின்றுபோக, தாதி அத்தையின் தோளைத் தொட்டபடி ‘லாகி, லாகி, லாகி’ (மலாயில் ‘இன்னும், இன்னும்’) என்று உரக்கச் சொல்லிச் சொல்லியே சரியான ஊதல்களை வாங்கிவிட்டார். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை இழுக்கச் செய்து, கால் மணி நேரம் உட்காரவைத்து, மறுபடியும் ஊதச் சொன்னார்கள். மருந்துக்குப் பிறகும், முதல் ஒரு விநாடியில் வெளியேறும் காற்று மொத்தத்தில் 70 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் மூச்சுக்குழாயில் அடைப்பு நிலைத்துவிட்டது என்று பொருள். அத்தைக்கு அப்படித்தான் இருந்தது.

பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). இன்ஹேலரை, மருந்தைத் தேக்கித் தரும் ஸ்பேசர் குழலில் பொருத்தி இழுக்கக் கற்றுக்கொடுத்ததோடு, அத்தையையே செய்துகாட்டச் சொல்லித் திருத்தினார்கள். குறை என்றால், சோதனைக்கான நாள் மிகவும் தள்ளியே கிடைத்தது. விளக்கக் கையேடும் மலாயில் மட்டுமே இருந்ததால், தமிழ்ப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய அத்தைக்கு நான்தான் வரிவரியாகச் சொல்ல வேண்டியிருந்தது. தோட்டத்துப் பெரியவர்கள் இத்தனை பேர் வந்துபோகும் இடத்தில் தமிழில் ஒரு தாளாவது இருந்தாக வேண்டும்.

சளி வழக்கத்தைவிடக் கூடினாலோ, மஞ்சளாகவோ பச்சையாகவோ நிறம் மாறினாலோ, அடுத்த தவணைக்குக் காத்திராமல் அழைத்துவரச் சொல்லியிருக்கிறார்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழம்பினாலோ கிளினிக் வரிசைக்கே வராமல் உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும்.