அழுகை வாரத்துக்கு எது: மாவா, பாட்டா, கலரிங் ஷீட்டா?

ஜூனில் எல்.கே.ஜி. திறக்கும் முதல் வாரத்துக்கு எங்கள் ஆசிரியர் அறையில் 'அழுகை வாரம்' என்றே பெயர். அந்த ஐந்து நாளுக்கு மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டேன். இந்த ஆண்டு பிசைந்த மாவுதான். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்துவிட்டது.

கலரிங் ஷீட் மலிவு. சாயங்காலம் அம்மாவிடம் காட்ட ஒரு தாளும் இருக்கும். ஆனால் மூன்றரை வயதுப் பிள்ளை நாலு கிறுக்கலில் ஆப்பிளை முடித்துவிட்டு, "மிஸ், அம்மா எப்போ வருவாங்க?" என்று வந்து நிற்கும். கோட்டைத் தாண்டிவிட்டதற்காக அழுத குழந்தையும் உண்டு.

வட்டமாக உட்கார்ந்து கைதட்டிப் பாடுவதில் காசு செலவில்லை. பிள்ளைகளின் பெயரைப் பாட்டில் கோத்தால் மூன்றாம் நாளுக்குள் எனக்கே எல்லாம் மனப்பாடம். சிக்கல் ஒன்றுதான்: பாட்டுக்கு ஒரே தொடக்கம். ஒன்பதரை மணிக்கு அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை வாசலில் நிற்கும். கூட்டிவர நான் எழுந்தால் பாட்டு நின்றுவிடும். நின்றதுமே, அதுவரை அடக்கிக்கொண்டிருந்த நாலு பேரும் சேர்ந்து ஆரம்பிப்பார்கள்.

மாவில் அந்தத் தொல்லை இல்லை. எப்போது வந்தாலும் ஓர் உருண்டையைக் கையில் வைத்துவிடலாம். "என்ன செய்யணும்?" என்று கேட்கும் பிள்ளைக்குக்கூட பதில் வேண்டாம், பக்கத்துப் பிள்ளை பாம்பு உருட்டுவதைப் பார்த்தால் போதும். அழுதுகொண்டே பிசையலாம், அதுதான் விசேஷம். போன ஆண்டு ஒருத்தி இரண்டு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் தட்டையாக ஒன்றைத் தட்டி என்னிடம் நீட்டி, "தோசை" என்றாள். அவள் பேசிய முதல் சொல் அது.

'கிண்டர்கார்டன்' என்ற பெயரை 1840இல் சூட்டிய ஃப்ரோபெலும் குழந்தைகள் கையில் களிமண்ணைத்தான் கொடுத்தார். எனக்கும் ஆசைதான். சீருடைக் கறையைப் பார்த்து ஆயாம்மா முகம் சுளித்ததால் மைதாவுக்கு மாறினேன்.

இரண்டு கப் மைதாவுக்கு ஒரு கப் தூளுப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய், நிறத்துக்கு மஞ்சள்தூள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமாகப் பிசைய வேண்டும். உப்பு அதிகமானதால் வாயில் வைத்த பிள்ளை பெரும்பாலும் துப்பிவிடும். ஆனாலும் கண் அங்கேயே இருக்கட்டும். விரலில் புண் இருந்தால் எரியும். கோதுமை ஒவ்வாத பிள்ளை இருந்தால் மைதாவே கூடாது. உப்பு ஈரத்தை இழுப்பதால் புழுக்கமான நாளில் மாவு பிசுபிசுக்கும். மூடி போட்ட டப்பா கட்டாயம். பாயில் ஒட்டியதை அப்போதே தேய்க்காதீர்கள், காய்ந்தால் தானே உதிரும். வாரக் கடைசியில் பழசைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிசைவேன்.

இதெல்லாம் 22 பிள்ளைகளும் உதவிக்கு ஓர் ஆயாம்மாவும் இருக்கும் வகுப்பில் பார்த்தது. நாற்பது பேரை ஒற்றை ஆளாகச் சமாளிப்பவருக்கு இதையே சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அங்கே ஒருவேளை பாட்டே கைகொடுக்கலாம். என் வகுப்பிலும் இரண்டாம் வாரம் பாட்டுக்குத்தான். அப்போதும் ஜன்னலோரம் ஒரு டப்பா மாவு இருக்கும், திங்கட்கிழமை அழுகைக்காக.