"சோதிக்கப்பட்டது" என்று விற்கப்படும் பழைய எஸ்ஏஎஸ் டிஸ்குகள்: வாங்குமுன் ஒரு எச்சரிக்கை

பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய எஸ்ஏஎஸ் (சர்வர்களில் டிஸ்கை இணைக்கும் முறை) ஹார்டு டிஸ்குகளையும், அவற்றைக் கணினியோடு இணைக்கும் கன்ட்ரோலர் கார்டையும் ஒரே தொகுப்பாகச் சேர்த்து விற்கும் ஒருவரிடம் பணம் கட்டி ஏமாந்திருக்கிறேன். "முழுமையாகச் சோதிக்கப்பட்டது, ஐடி மோடில் உள்ளது, ஃப்ரீபிஎஸ்டி, லினக்ஸ் எதிலும் செருகியவுடன் வேலை செய்யும்" என்பது விளம்பர வாசகம் (ஐடி மோடு என்பது டிஸ்குகளை அப்படியே காட்டும் கார்டு நிலை; ஃப்ரீபிஎஸ்டி லினக்ஸ் போன்ற ஓர் இயங்குதளம்). மூன்றும் பொய். விற்றவரின் பெயரை எழுதப்போவதில்லை. இப்படிப்பட்டவர்கள் கடைப் பெயரைச் சட்டை மாற்றுவதுபோல் மாற்றிக்கொள்வார்கள். ஏமாற்றும் முறை மட்டும் மாறுவதில்லை. அதைத் தெரிந்துகொண்டால் பெயர் தெரியாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

தொகுப்பில் இருந்தவை எஸ்ஏஎஸ்2008 சிப் கொண்ட கார்டு ஒன்று, எஸ்ஏஎஸ் டிஸ்குகள் எட்டு, "பயன்படுத்தாதவை" என்று சொல்லப்பட்ட சீகேட் நிறுவனத்தின் சாட்டா (வீட்டுக் கணினிகளில் வழக்கமான இணைப்பு முறை) டிஸ்குகள் இரண்டு. பல டிஸ்குகளை ஒரே சேமிப்பிடமாகச் சேர்த்துப் பிழைகளையும் கண்காணிக்கும் இசட்எஃப்எஸ் கோப்பு முறையில் ஒரு பூல் அமைப்பதற்காக வாங்கினேன். இந்தச் சிப்பைப் பலரும் தேடி வாங்குவதில் நியாயம் இருக்கிறது. எல்எஸ்ஐ 9211-8ஐ, ஐபிஎம் எம்1015, டெல் எச்200, எச்310 என்று பல பெயர்களில் வந்த கார்டுகளில் இருப்பது இதே சிப்தான். ஐடி மோடு ஃபர்ம்வேரை (கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) ஏற்றிவிட்டால், கார்டு ரெய்டு வேலையெல்லாம் (பல டிஸ்குகளை ஒன்றாகக் காட்டுவது) செய்யாமல் ஒவ்வொரு டிஸ்கையும் உள்ளது உள்ளபடி இயங்குதளத்திடம் ஒப்படைத்துவிடும். இசட்எஃப்எஸ் கேட்பதும் அதைத்தான். நடுவில் ரெய்டு கார்டு புகுந்து டிஸ்கை மறைத்தால், பிழை எந்த டிஸ்கில் என்று இசட்எஃப்எஸ்ஸுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

ஐடி மோடில் உள்ள கார்டை ஃப்ரீபிஎஸ்டியின் எம்பிஎஸ் டிரைவர் பிடித்துக்கொள்ளும். துவக்கச் செய்திகளில் "எம்பிஎஸ்0" என்று ஒரு வரியும், அதையடுத்து ஃபர்ம்வேர் எண்ணும் வரவேண்டும். எனக்கு வந்தது "எம்எஃப்ஐ0". அதாவது கார்டில் இருந்தது ரெய்டுக்கான பழைய மெகாரெய்டு ஃபர்ம்வேர். லினக்ஸாக இருந்தால் எம்பிடி3சாஸ் வரவேண்டிய இடத்தில் மெகாரெய்டு-சாஸ் டிரைவர் வந்து நிற்கும். இதைக் கண்டுபிடிக்க எந்த நிபுணத்துவமும் தேவையில்லை. கார்டைச் செருகி ஒருமுறை துவக்கிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அதைக்கூடச் செய்யாமல்தான் "முழுமையாகச் சோதிக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறார்கள். ஹீட்சிங்கின் மேல் "ஐடி" என்று சிவப்பு மையில் எழுதி ஒரு ஒட்டுத்தாள் வேறு.

விற்றவருக்கு எழுதினேன். "விண்டோஸில் சோதித்தோம், கார்டு தெரிந்தது. ஃபர்ம்வேரை நீங்களே மாற்றிக்கொள்ளலாம், எளிதுதான்" என்று பதில் வந்தது. இந்தப் பதிலில் ஒரு கண்ணி இருக்கிறது. கார்டின் ஃபிளாஷை அழித்து ஐடி ஃபர்ம்வேரை ஏற்றுவது தெரிந்தவர்களுக்குப் பெரிய காரியமில்லை. அழித்தபின் எழுதி முடிக்கும்வரை மின்சாரம் போகக்கூடாது, கார்டுக்கென்று உள்ள எஸ்ஏஎஸ் முகவரியை முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும், பதிப்பு 20.00.07.00 ஆக இருப்பது நல்லது, 20 வரிசையின் தொடக்கப் பதிப்புகளில் பிழைகள் இருந்தன. இவ்வளவுதான். ஆனால் நாம் கைவைத்த மறுகணம், "பொருளின் நிலையை வாங்கியவர் மாற்றிவிட்டார்" என்று சொல்லித் திருப்பி எடுக்க மறுத்துவிடலாம். ஆகவே ஃபர்ம்வேரைத் தொடுமுன், அந்த "எம்எஃப்ஐ0" வரியும் கார்டில் உள்ள எண்ணும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு வீடியோ எடுத்து அவருக்கே அனுப்பிவைத்தேன். பின்னால் என் பணத்தில் ஒரு பகுதியாவது திரும்பி வந்ததற்கு அந்த வீடியோதான் காரணம்.

லினக்ஸில் செருகியவுடன் வேலை செய்யும் என்ற வாக்குறுதியும் அரைகுறைதான். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8 வெளியானபோதே, எம்பிடி3சாஸ் டிரைவரிலிருந்து எஸ்ஏஎஸ்2008 கார்டுகளின் அடையாள எண்ணை எடுத்துவிட்டார்கள். கார்டு நன்றாகவே இருக்கும். நிறுவும் திரையில் ஒரு டிஸ்க்கூடத் தெரியாது. ஈஎல்ரெப்போ என்ற வெளிக் களஞ்சியம் தரும் டிரைவரைத் தனியாகச் சேர்த்தால்தான் வழி பிறக்கும். டெபியனிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் இந்தத் தொல்லை இல்லை.

கார்டைவிடப் பெரிய மோசடி டிஸ்குகளில் இருந்தது. ஃப்ரீபிஎஸ்டியின் கேம்கண்ட்ரோல் கருவியின் ரீட்கேப் கட்டளையால் ஒரு டிஸ்கைக் கேட்டதும், பிளாக் (செக்டர் என்றும் சொல்வார்கள், டிஸ்க் தரவை எழுதும் சிறு கூறு) நீளம் 520 பைட் என்று வந்தது. எட்டும் அப்படியே. பெரிய நிறுவனங்களின் சேமிப்பக அடுக்குகளிலிருந்து கழற்றிய டிஸ்குகள் இவை. அந்த அடுக்குகள் ஒவ்வொரு செக்டரிலும் 512 பைட் தரவோடு, சரிபார்ப்புக்கென்று 8 பைட்டைக் கூடுதலாக வைத்துக்கொள்ளும். சாதாரண இயங்குதளத்துக்கு இது உதவாது. லினக்ஸ் கெர்னல் "ஆதரிக்கப்படாத செக்டர் அளவு 520" என்று ஒரு வரி எழுதிவிட்டு, கொள்ளளவைச் சுழியமாகக் காட்டும். இப்படி ஒரு டிஸ்கை எந்த இயங்குதளத்தில் வைத்து, எப்படிச் "சோதித்தார்கள்" என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மின்சாரம் கொடுத்தால் சுற்றுகிறதா என்று காதை வைத்துக் கேட்டிருப்பார்களோ என்னவோ.

520 இருப்பதே குற்றமல்ல. எஸ்ஜி3-யூட்டில்ஸ் தொகுப்பில் உள்ள எஸ்ஜி-ஃபார்மட் கருவியில் அளவை 512 என்று கொடுத்து டிஸ்கை மறுவடிவமைக்கலாம். விளம்பரத்தில் சொல்லிவிட்டு, அதற்கேற்ப விலையைக் குறைத்து விற்பவர்கள் நேர்மையானவர்கள். சொல்லாமல் விற்பதன் சூட்சுமம் நேரத்தில் இருக்கிறது. இந்த ஃபார்மட் டிஸ்கின் முழுப் பரப்பையும் தொட்டு முடிக்க வேண்டும் என்பதால் மணிக்கணக்கில் ஓடும். பெரிய டிஸ்க் என்றால் ஒரு பகல் போய்விடும். இடையில் மின்சாரம் போனால், "ஃபார்மட் சிதைந்துள்ளது" என்று டிஸ்க் எதற்கும் இணங்காமல் நிற்கும். முதலிலிருந்து மறுபடியும் ஓட்ட வேண்டும். ஃபார்மட் முடிந்தபிறகுதான் உண்மையான சோதனையையே தொடங்க முடியும். முழு டிஸ்கிலும் எழுதி வாசித்துப் பார்க்க, எழுதும் வடிவங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து நாள்கணக்கில் ஆகும். திருப்பி அனுப்பும் கெடுவோ குறுகியது. பொருள் கையில் கிடைத்த நாளிலிருந்தே அது ஓடத் தொடங்கிவிடுகிறது. பழுது வெளியே தெரிவதற்குள் கெடு முடிந்துவிடும் என்பது இந்த விற்பனையாளருக்கு நன்றாகத் தெரியும். ஃபார்மட் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அவருக்கு அனுப்பிய செய்திகளுக்கு, "முழுமையாக முடித்துவிட்டுச் சொல்லுங்கள், அவசரமில்லை" என்று எவ்வளவு அன்பாகப் பதில் எழுதினார் தெரியுமா!

டிஸ்குகளின் உடல்நிலைக்கு ஆதாரமாக விளம்பரத்தில் ஒரு திரைப்பிடிப்பு இருந்தது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் நிலை "ஓகே" என்ற ஒரே வரி, மற்றவை வெட்டப்பட்டிருந்தன. அந்த வரிக்குப் பெரிய மதிப்பில்லை. தயாரிப்பாளர் வைத்த எல்லையை டிஸ்க் தாண்டினால்தான் அது மாறும். அதுவரை எத்தனை செக்டர் செத்தாலும் "ஓகே"தான். எஸ்ஏஎஸ் டிஸ்கில் பார்க்க வேண்டியது, ஓடஓடச் சேர்ந்த பழுதுகளின் பட்டியல். ஸ்மார்ட் பதிவை வாசிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கருவியின் வெளியீட்டில் "குரோன் டிஃபெக்ட் லிஸ்ட்" என்று வரும். இங்கேயும் ஒரு தந்திரம் உண்டு. ஃபார்மட் செய்யும்போது பழைய பழுதுப் பட்டியலைக் கணக்கில் எடுக்காதே என்று டிஸ்கிடம் சொல்ல முடியும். அப்படிச் செய்த கையோடு பார்த்தால் பழுது சுழியம், டிஸ்க் பிறந்த குழந்தைபோல் காட்சி தரும். ஆகவே ஃபார்மட்டுக்குப் பின் வரும் சுழியத்தை நம்பாமல், ஃபார்மட்டுக்கு முன்பே ஒருமுறை குறித்துவையுங்கள். முழுதாக எழுதி வாசித்தபின் மறுபடி பாருங்கள். நான் பேட்பிளாக்ஸ் என்ற சோதனைக் கருவி கொண்டு எழுதி வாசித்தேன். பெரிய டிஸ்க் என்றால் அதற்கு பிளாக் அளவை 4096 என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணிக்கை அதிகம் என்று முரண்டு பிடிக்கும். எட்டில் மூன்று டிஸ்குகளின் பட்டியல் ஓட்டத்தின் நடுவிலேயே ஏறத் தொடங்கியது. அவற்றில் ஒன்று சோதனையை முடிக்கவே இல்லை.

"பயன்படுத்தாத" சாட்டா டிஸ்குகள் தனிக் கதை. ஸ்மார்ட் பட்டியலில் ஓடிய நேரம் ஒற்றை இலக்க மணிகள். சீகேட் டிஸ்குகளில் ஃபார்ம் என்று இன்னொரு பதிவு இருக்கிறது. ஸ்மார்ட் எண்களை அழிப்பவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள். ஸ்மார்ட்சிடிஎல் அடங்கிய ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பின் 7.4 பதிப்பு முதல் இதை நேரடியாக வாசிக்கலாம். வாசித்தேன், இரண்டுமே பல ஆண்டுகள் இரவுபகலாக உழைத்த டிஸ்குகள். 2025 தொடக்கத்தில், பழைய சீகேட் டிஸ்குகளின் ஸ்மார்ட் எண்களை அழித்துப் புதியவை என்று விற்ற மோசடி செய்திகளில் அடிபட்டதும், அதை அம்பலப்படுத்தியது இந்தப் பதிவுதான் என்பதும் பலருக்கு நினைவிருக்கும். வேறு நிறுவனத்து டிஸ்க் என்றால் சுயசோதனைப் பதிவைப் பாருங்கள். டிஸ்க் ஓடியதே நூறு மணி என்று ஓரிடத்தில் இருக்க, இருபதாயிரமாவது மணியில் செய்த சோதனை ஒன்று அங்கே பதிவாகியிருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கூடவே வந்த கேபிளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிஸ்க் பக்கம் சாட்டா முனைகள். சாட்டா டிஸ்கை எஸ்ஏஎஸ் கார்டில் மாட்டலாம். எஸ்ஏஎஸ் டிஸ்கில் சாட்டா கேபிள் ஏறாது, நடு இடைவெளி அடைபட்டிருக்கும். தாங்கள் அனுப்பும் கேபிளைத் தாங்கள் அனுப்பும் டிஸ்கில் ஒருமுறைகூடச் செருகிப் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பணத்தைக் கேட்டபோது முதலில் மௌனம். பிறகு, நான் எழுதிய மதிப்பீட்டை நீக்கினால் ஒரு சிறு தொகை தருவதாகப் பேரம். மறுத்துவிட்டு, பணம் செலுத்திய நிறுவனத்திடம் முறையிட்டேன். கார்டுக்கும் சாட்டா டிஸ்குகளுக்கும் உரிய தொகை திரும்பக் கிடைத்தது. எஸ்ஏஎஸ் டிஸ்குகளுக்குக் கிடைக்கவில்லை. நான் ஃபார்மட் செய்துவிட்டேனாம். செய்யாமல் எப்படிச் சோதிப்பது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

இத்தகைய தொகுப்பை வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டுமுன் ஒவ்வொரு டிஸ்குக்கும் ஸ்மார்ட்சிடிஎல்லின் முழு வெளியீட்டையும் எழுத்து வடிவில் கேளுங்கள், படமாக வேண்டாம். வரிசை எண், தயாரித்த ஆண்டு, பிளாக் அளவு, பழுதுப் பட்டியல் எல்லாம் அதிலேயே இருக்கும். "டைப் 2 புரொடெக்ஷன்" (செக்டரோடு கூடுதல் சரிபார்ப்பு பைட்டுகள் உள்ளன என்று பொருள்) என்று ஒரு வரி இருந்தால், செக்டர் 512 என்று காட்டினாலும் மறு ஃபார்மட் தேவைப்படலாம் என்று கணக்கில் வையுங்கள். கார்டுக்குத் துவக்கச் செய்தியின் வரிகளைக் கேளுங்கள். உண்மையில் சோதித்தவருக்கு இவற்றை அனுப்ப ஐந்து நிமிடம் போதும். பொருள் வந்ததும், டிஸ்கின் மேல் ஒட்டியுள்ள வரிசை எண்ணும் டிஸ்க் சொல்லும் வரிசை எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். 520 என்று தெரிந்தால், ஃபார்மட் தொடங்குமுன் "விவரத்துக்கு மாறான பொருள்" என்று எழுத்தில் புகார் பதிவு செய்துவிடுங்கள்.

இதே ஆள் இப்போது வேறொரு தொகுப்பும் போட்டிருக்கிறார்: 4 டெராபைட் டிஸ்குகளோடு எஸ்ஏஎஸ்1068இ சிப் கார்டு. அந்தத் தலைமுறைச் சிப் சுமார் 2 டெராபைட்டுக்கு மேல் பார்க்காது. ஃபர்ம்வேரை மாற்றினாலும் அந்த வரம்பு போகாது. யாராவது அதைக் கூடையில் போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.