எலும்புப் பிடியா, டெல்ரின் பிடியா?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பிராட்ஃபோர்டு ஊரில் தயாராகும் கேஸ் (Case) நிறுவன மடக்குக் கத்திகளில் டிராப்பர் என்ற இரட்டை அலகு வகையை வாங்கப் போனால் முதல் கேள்வி பிடிதான்: மாட்டெலும்பா, மஞ்சள் டெல்ரின் பிளாஸ்டிக்கா?

எலும்பில் இரண்டு பிடிகள் ஒன்றுபோல் இருக்காது. செதுக்கிய பள்ளங்களில் சாயம் அடர்ந்தும் மேடுகளில் வெளிறியும் நிற்கும். கைபடக் கைபட மினுமினுப்பு ஏறும். ஆனால் கல்தரையில் விழுந்தால் ஆணி அடித்த இடத்தருகே விரிசல் விடலாம். அதிகம் காய்ந்தால் சுருங்கும், தண்ணீரில் ஊறவிடவும் கூடாது.

டெல்ரின், டூபாண்ட் நிறுவனம் 1960-இல் சந்தைக்குக் கொண்டுவந்த பிளாஸ்டிக். ஈரம் அவ்வளவாக ஏறாது, சட்டென்று உடையாது, விலையும் குறைவு. புல்லில் தவறவிட்டாலும் அந்த மஞ்சள் கண்ணில் படும். செயற்கைப் பிடி என்றாலே மட்டம் என்ற பேச்சுக்குப் செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கும் ஒரு காரணம். அது காலப்போக்கில் சிதையும்போது வெளியாகும் அமில ஆவி, பக்கத்தில் இருக்கும் எஃகையே துருப்பிடிக்க வைத்துவிடும். டெல்ரினில் அந்தத் தொல்லை கிடையாது.

தினமும் மீன் சுத்தம் பண்ண, கயிறு அறுக்க என்றால் யோசிக்காமல் டெல்ரின் வாங்குங்கள். பையில் வைத்து ஆப்பிள் நறுக்க, கடிதம் பிரிக்க என்றால் எனக்கு எலும்புதான். அந்தப் பள்ளங்களில் விரல் ஓடும் சுகம் பிளாஸ்டிக்கில் வரவே வராது.