கோலிகோவிஷன் போர்டும் ஒரு மலிவு லாஜிக் புரோபும்

லாஜிக் புரோப் என்பது சிப்பின் காலில் வரும் சிக்னல் ஹையா (1) லோவா (0) என்று காட்டும் கருவி. பேனா அளவுதான் இருக்கும். முனையில் ஊசி, வாலில் மின்சாரம் எடுக்க இரண்டு கிளிப், உடம்பில் மூன்று எல்இடி. ஹை என்றால் சிவப்பு, லோ என்றால் பச்சை, சிக்னல் துடித்தால் மஞ்சள். மல்டிமீட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று ரொம்ப நாள் வாங்காமல் இருந்தேன். அந்தக் கஞ்சத்தனத்துக்கு ஒரு நல்ல சிப் பலியானது.

போர்டு 1982-இல் வந்த கோலிகோவிஷன் என்ற வீடியோ கேம் கருவியுடையது. வீடியோ ரேம் 16 கேபி. எட்டு 4116 மெமரி சிப்புகள், ஒவ்வொரு பைட்டிலும் ஆளுக்கொரு பிட். டைட்டில் திரை வந்தது, ஆனால் எட்டு பிக்சலுக்கு ஒரு செங்குத்துக் கோடு, எழுத்துகளும் தாறுமாறு. ஏதோ ஒரு பிட் 1-லேயே ஒட்டிக்கொண்டது என்று புரிந்தது. கோடு ஒவ்வொரு கட்டத்திலும் இடது ஓரத்தில் இருந்தது. அப்படியென்றால் மேல் பிட், டி7. அந்தச் சிப்பைக் கழற்றிப் புதிது போட்டேன். கோடு அப்படியே நின்றது! வீடியோ சிப் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்9928ஏ. அவர்கள் கணக்கில் மேல் பிட்டுக்குப் பெயர் டி0. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. டி7 என்று நான் கழற்றியது கீழ் பிட்டின் நல்ல சிப்.

அப்புறம்தான் புரோப் வாங்கினேன். 4116-இல் டேட்டா வெளியே வருவது 14-வது காலில். ஒவ்வொன்றாகத் தொட்டேன். ஏழில் மஞ்சள் மின்னியது, ஒன்றில் மட்டும் சிவப்பு அசையாமல் எரிந்தது. இரண்டு நிமிட வேலை. சாக்கெட் வைத்து அதை மாற்றியதும் கோடு மறைந்தது.

குறைகள் உண்டு. கிளிப் வயர் குட்டை. டிடிஎல், சிமாஸ் என்ற இரு சிப் வகைகளுக்கு ஏற்ப மாற்றும் சுவிட்ச் கைபட்டாலே நகர்கிறது. ஊசி தடிமன் என்பதால் பக்கத்துக் காலில் முட்டுகிறது. நான் நுனியை மட்டும் விட்டு மீதிக்கு ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டிவிட்டேன். சிவப்புக் கிளிப்பை 4116-இன் 9-வது காலின் +5 வோல்ட்டில்தான் மாட்ட வேண்டும். எதிரே 8-வது காலில் இருப்பது +12. அதில் மாட்டினால் எல்இடி காட்டும் எதையும் நம்ப முடியாது. 1-வது காலின் -5 வோல்ட்டை இது சரிபார்க்காது. +12 இருந்து -5 இல்லாமல் போனால் 4116 சூடேறிச் செத்துவிடும். ஆகவே முதலில் மல்டிமீட்டர், பிறகுதான் இது.

இன்னொரு போர்டில் சில உருவங்கள் மட்டும் உடைந்து தெரிந்தன. எட்டு சிப்பிலும் மஞ்சள் ஜோராக மின்னியது. துடிக்கிறது என்றுதான் புரோப் சொல்லும், வருவது சரியான டேட்டாவா என்று அதற்குத் தெரியாது. சிப்புக்குள்ளே நாலைந்து செல் மட்டும் போயிருந்தால் இது கண்டுபிடிக்காது. எழுதிப் படித்துப் பார்க்கும் டெஸ்ட் கார்ட்ரிட்ஜ் வேண்டும். பிராசசருக்கான 1 கேபி ரேம் தனியாக இருப்பதால், வீடியோ ரேம் கெட்டிருந்தாலும் அந்தக் கார்ட்ரிட்ஜ் ஓடிவிடும். கார்ட்ரிட்ஜ் கைக்கு வரும்வரை அந்தப் போர்டு மேசையில்தான் கிடக்கிறது.

ஒட்டிக்கொண்ட பிட்டைத் தேடுபவர் தயங்காமல் வாங்கலாம். நீள வயர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.