வர்க்கலா போகிறவர்கள் கவனத்துக்கு: அஞ்சுதெங்கு கோட்டைக்கு டிக்கெட் கிடையாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் வர்க்கலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அஞ்சுதெங்கு கோட்டைக்குள் போக டிக்கெட் கிடையாது. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். நாங்கள் கொடுத்தோம்.

நாகர்கோவிலிலிருந்து ஒரே நாளில் போய்வந்துவிடலாம் என்று நான், மனைவி, மகன், மாமனார் என நாலு பேர் கிளம்பினோம். மாமனாருக்கு 71 வயது. இடம் தெரிந்த ஆள் கூட இருந்தால் நல்லது என்று இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். கிளிஃப் (கடலோரச் செங்குத்து மேடு) நடை, கோட்டை, கலங்கரை விளக்கம், நுழைவுக் கட்டணம் உட்பட தலைக்கு 1,200 ரூபாய். பாதிப் பணத்தை ஜிபேயில் அனுப்பச் சொன்னார்கள். போனது யாரோ ஒரு தனி ஆள் பெயருக்கு. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

எட்டு மணிக்கு ஹெலிபேடில் நிற்பேன் என்ற வழிகாட்டி வந்தது ஒன்பதே முக்காலுக்கு. மீதிப் பணத்தைக் கையோடு வாங்கிக்கொண்டார். நார்த் கிளிஃபில் கால் மணி நேரம் நடந்திருப்போம், அதற்குள் இரண்டு கடை ஏற்றி இறக்கிவிட்டார். ஒன்று சால்வை, இன்னொன்று ஆயுர்வேத எண்ணெய்.

அப்புறம் படி இறங்கி, நிழலாக இருக்கும் என்று கிளிஃபின் அடியை ஒட்டியே கூட்டிப்போனார். வர்க்கலா கிளிஃப் மேலே செம்புறாங்கல், கீழே மணற்கல்லும் களிமண்ணும். மழைநீர் உள்ளே இறங்கினால் இளகிச் சரியும். முந்தின ராத்திரி நல்ல மழை. பக்கச் சுவரில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. தேங்காய் அளவுக்கு ஒரு செம்மண் கட்டி எங்களுக்கு நாலடி முன்னால் விழுந்து பொடிந்தது. அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதெல்லாம் எப்பவும் விழும் சேட்டா" என்றார். மாமனார் கையைப் பிடித்துக்கொண்டு அலைப் பக்கம் ஒதுங்கினேன். போன பணத்தைவிட எனக்கு இதற்குத்தான் ஆத்திரம்.

கோட்டைக்கு ஆட்டோ, அதற்குத் தனிக் காசு. வாசலில் இறங்கியதும் புதுக் கதை: 'உட்பட' என்றது கலங்கரை விளக்கத்துக்கு மட்டுமாம், கோட்டைக்குத் தலைக்கு 100 ரூபாய் பாஸாம். கடையில் விற்கும் சாதாரண ரசீதுப் புத்தகம். முத்திரை இல்லை, ஊர்ப் பெயர்கூட இல்லை. 31 முதல் 34 வரை கிழித்துக் கொடுத்தார். உள்ளே காவலாளியிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "டிக்கெட்டோ? இவிடெயோ?" திரும்பினால் நம்ம ஆளைக் காணோம்.

கோட்டை டச்சுக்காரர் கட்டியது என்று ஆட்டோவில் வேறு அளந்திருந்தார். அந்தப் பகுதியை ஆண்ட ஆற்றிங்கல் ராணி கொடுத்த இடத்தில் 1690-களில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டியது அது. 1721-இல் ராணிக்குப் பரிசு கொண்டுபோன சுமார் 140 ஆங்கிலேயர்களை உள்ளூர் ஆட்கள் கொன்று, கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார்கள். மதில் மேல் நின்று இதைப் பேரனுக்குச் சொன்னது மாமனார், 1,200 ரூபாய் வாங்காமல்.

கலங்கரை விளக்கம் பூட்டியிருந்தது. மாலையில்தான் திறப்பார்கள் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள்.

கிளிஃப் மேல் நடக்கக் காசும் வேண்டாம், ஆளும் வேண்டாம். பாதை உணவகங்களை ஒட்டியே போகிறது. ஓரத்துக்குப் போகாதீர்கள், மழை பெய்திருந்தால் அடியில் நடக்காதீர்கள். அஞ்சுதெங்குக்கு ஆட்டோ பிடித்தால் போகவர வாடகையை ஏறும் முன் பேசிவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். படித்தார்கள், பிளாக் செய்துவிட்டார்கள். மனைவியின் போனில் போன வாரம் பார்த்தேன். பக்கம் இன்னும் ஓடுகிறது, தலைக்கு 1,400 ஆக்கியிருக்கிறார்கள்.