11,000 மெயில் கெடந்த இன்பாக்ஸும் ஜிமெயில் ஸ்னூஸும்

கும்பகோணத்துல சின்னதா ஒரு கணக்கு எழுதுற ஆபீஸ், நானும் ஒரு பையனும் தான். மன்னார்குடி பக்கம் அரிசி மில்லு, இங்க பெரிய தெருவுல பாத்திரக்கடை, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு பட்டறை, சுவாமிமலையில செல செய்றவங்கன்னு ஒரு நாப்பது பார்ட்டிக்கு ஜிஎஸ்டி ஃபைல் பண்றோம். போன வருஷம் வரைக்கும் என் இன்பாக்ஸ்ல படிக்காத மெயில் மட்டும் 11,000 சொச்சம். அந்த நம்பர பாத்தாலே வயித்த பெசையும், அதனால தொறக்கவே மாட்டேன், பார்ட்டி போன் போட்டு "ஏம்மா, போன வாரமே பில்லெல்லாம் அனுப்புனனே, பாக்கலையா"ன்னு கேட்டா தான் தேடுறது.

மொதல்ல காசு கட்டி ஒரு டாஸ்க் ஆப் வாங்குனேன், பேரு வேணாம். ரெண்டே மாசம். மெயில்ல வந்த வேலைய அங்க போய் திரும்ப ஒருக்கா டைப் பண்ணணும், பில் எங்கன்னு பாக்க மறுபடி மெயிலுக்கே வரணும். ஒரு எடத்துல இருந்த பாக்கி ரெண்டு எடத்துல ஆனது தான் மிச்சம்.

அப்புறம் தான் கையில இருக்கற ஜிமெயிலயே ஒழுங்கா பழகுவோம்னு உக்காந்தேன். ஒரு வருஷம் ஆச்சு, அத பத்தி தான் இது.

எனக்கு சோறு போடறது ஸ்னூஸ் தான். மெயிலுக்கு மேல ஒரு கடிகாரம் மாதிரி இருக்கும், அத அமுக்கி தேதி நேரம் குடுத்தா அந்த மெயில் கண்ணுலேருந்து போயிடும், சொன்ன நாள்ல இன்பாக்ஸ்ல மேலயே வந்து நிக்கும். எங்க வேல முழுக்க தேதி தானே, மாசாமாசம் ஃபைல் பண்றவங்களுக்கு 11க்குள்ள விற்பனை பட்டியல் குடுக்கற ஜிஎஸ்டிஆர் 1, 20க்குள்ள மொத்த கணக்கு காட்டி வரி கட்டுற ஜிஎஸ்டிஆர் 3பி, 3பி தள்ளுனா நாளுக்கு 50 ரூபா லேட் ஃபீ, கட்டாத வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீதம் வட்டி வேற. அதனால 3ஆம் தேதி வர்ற விற்பனை பில்ல 8க்கு தள்ளிடுவேன். கொள்முதல் பில்ல அன்னைக்கு தொட்டு பிரயோஜனமே இல்ல, ஏன்னா ஜிஎஸ்டி போர்ட்டல்ல 2பி, அதாவது சரக்கு வித்தவங்க ஏத்துன பில்லோட பட்டியல், வர்றதே 14ஆம் தேதி, அதோட ஒப்பிட்டு பாத்தா தான் எந்த பில்லுக்கு கிரெடிட் (வாங்குறப்ப குடுத்த வரிய கழிச்சுக்கறது) வந்துருக்குன்னு தெரியும், ஸோ அது 15 காலையில பத்து மணிக்கு. மேட்டூர்ல தண்ணி கம்மியான வருஷம் காவிரிக்கு கொஞ்ச நாள் வெண்ணாத்துக்கு கொஞ்ச நாள்னு மொற வச்சு விடுவாங்கள்ல, அதே கணக்கு தான். எல்லா வாய்க்கால்லயும் ஒரே நாள்ல தொறந்தா கடமடைக்கு ஒண்ணும் போவாது.

இந்த ஸ்னூஸ் 2014ல இன்பாக்ஸ்னு கூகுள் தனியா விட்ட ஆப்ல இருந்துச்சு, அப்புறம் 2018ல ஜிமெயிலுக்கே வந்துச்சு, அடுத்த வருஷம் அந்த ஆப்ப மூடிட்டாங்க. எனக்கு தெரிஞ்சதே இப்ப தான்.

அடுத்தது ஆர்க்கைவ், மெயில இன்பாக்ஸ்லேருந்து எடுத்து ஓரமா வைக்கறது. அமுக்குனா அழிஞ்சுடும்னு இத்தன வருஷமா பயந்துகிட்டு இருந்தேங்க! ஒண்ணும் அழியாது, ஆல் மெயில்ல கெடக்கும், தேடுனா வரும், அதுக்கு யாராச்சும் ரிப்ளை போட்டா தானா இன்பாக்ஸுக்கு திரும்பிடும். பழசு எல்லாத்தையும் ஒரே அடியா ஆர்க்கைவ் பண்ணிட்டு ஒரு டிகிரி காபி சாப்ட வெளிய போய்ட்டேன், அப்டி இருந்துச்சு மனசு. லேபிள், அதான் மெயிலுக்கு ஒட்டுற பேர் சீட்டு, அத மட்டும் பார்ட்டிக்கு ஒண்ணுன்னு போடாதீங்க, நான் நாப்பதும் போட்டு பாத்தேன், அடுக்குறதுக்கே அரை நாள் போவுது, பேர தேடுனாலே வந்துடுது. இப்ப ரெண்டே லேபிள், பார்ட்டி பதில் பாக்கின்னு ஒண்ணு, பையன் பேர்ல ஒண்ணு. அவனுக்கு பாஸ்வேர்டு குடுக்கல, செட்டிங்ஸ்ல டெலிகேட்னு சேத்தா அவன் ஐடிலேருந்தே என் மெயில பாக்கலாம்.

வர்ற மெயில தானா பிரிச்சு ஒதுக்குற ஃபில்டர்ல நான் ஒரு கூத்து பண்ணேன். வரி போர்ட்டல்லேருந்து ஓடிபியா வந்து குவியுதுன்னு அந்த ஐடிலேருந்து வர்ற எல்லாமே இன்பாக்ஸுக்கு வராம போகட்டும்னு போட்டுட்டேன். ஒரு பாத்திரக்கடைக்கு கணக்குல வித்தியாசம் இருக்குன்னு வெளக்கம் கேக்குற ஏஎஸ்எம்டி 10 நோட்டீஸ் வந்ததும் அதோட சேந்து உள்ள போயிடுச்சு. பதில் சொல்ல 30 நாள், நான் பாத்தது பத்தொம்பதாவது நாள். தப்பு முழுக்க என்னுது. இப்ப ஓடிபிங்கற வார்த்த இருந்தா மட்டும் ஒதுக்குற மாதிரி மாத்திட்டேன், அந்த கடைக்காரர்கிட்ட இன்னும் சொல்லல.

கொற இல்லாம இல்ல. ஃபில்டர் புதுசா போடணும்னா கம்ப்யூட்டர்ல தான் முடியும், போன் ஆப்ல கெடையாது, கரண்ட் இல்லாத நேரத்துல தான் அந்த நெனப்பே வரும். ஓசியில குடுக்கற 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் இல்ல, டிரைவ், போட்டோஸ் எல்லாம் சேத்து தான். பில்ல போன்ல படம் எடுத்து பத்து பத்தா அனுப்புற பார்ட்டி இருந்தா சீக்கிரம் ரொம்பிடும். தேடுற பெட்டிக்கு பக்கத்துல இருக்கற பட்டன அமுக்குனா சைஸ் குடுத்து தேடலாம், வருஷ கணக்கு முடிஞ்சதும் பெருசா இருக்கறத எறக்கி வச்சுட்டு அழிச்சுடுவேன், அதுவும் டிராஷ்ல 30 நாள் இருந்துட்டு தான் போவும். அப்புறம் பாதி பேரு பில்ல வாட்ஸப்ல தான் போடுறாங்க, அதுக்கு ஜிமெயில் என்ன பண்ணும், நானே எனக்கு மெயில் போட்டு ஸ்னூஸ் பண்ணிக்கிறேன்.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். இத அடிக்கறப்ப இன்பாக்ஸ்ல ஏழு மெயில் இருக்கு, அதுல ஒண்ணு மன்னார்குடி மில்லுக்காரரோடது, வழக்கம் போல பில்லெல்லாம் தலகீழா எடுத்து அனுப்பிருக்காரு, அது 15ஆம் தேதி பத்து மணிக்கு.