12ஆம் வரிசையில் உட்கார்ந்து படித்த பாதுகாப்பு அட்டை

போன மாதம் சென்னையிலிருந்து டெல்லிக்கு ஏ320 விமானத்தில் போனேன். கால் நீட்ட இடம் வேண்டும் என்று கூடுதல் பணம் கட்டி 12எஃப் வாங்கியிருந்தேன், இறக்கைக்கு மேலே எமர்ஜென்சி கதவை ஒட்டிய ஜன்னல் சீட். உட்கார்ந்ததும் பணிப்பெண் வந்து, அவசரம் என்றால் இந்தக் கதவைத் திறக்க வேண்டியது நீங்கள்தான், சம்மதமா என்று கேட்டார். நான் சரி என்றேன். நடு சீட்காரர் காதில் இருந்ததைக் கழற்றாமலே தலையை ஆட்டினார். பணிப்பெண் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார், மீதி விவரமெல்லாம் முன்சீட் பையில் இருக்கும் லேமினேட் அட்டையில்தான். அதை எடுத்து மூன்று தடவை படித்தேன். விமானத்தில் தருகிற உப்புமாவுக்கும் சாண்ட்விச்சுக்கும் எவ்வளவோ பேர் விமர்சனம் எழுதுகிறார்கள், இந்த அட்டைக்கு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் நல்லது. படங்கள் தெளிவு. எழுத்தே படிக்கத் தெரியாதவருக்கும் பாதிக்கு மேல் புரிந்துவிடும். அதிலும் கதவுப் படம் அருமை: மேலே கைப்பிடியை இழு, கீழே இன்னொரு கையால் தாங்கு, கதவு மொத்தமாகக் கழன்று உள்ளே வரும், அதைத் தூக்கி வெளியே எறி. பக்கத்தில் எடையும் போட்டிருந்தார்கள், 15 கிலோ. அரை மூட்டை அரிசி திடீரென்று மடியில் விழுகிற மாதிரி என்று யோசித்துக்கொண்டேன்.

இந்த ஒரு படத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் நடு சீட்காரர் காதில் இருந்ததைக் கழற்றியிருப்பார். 1985 ஆகஸ்ட் 22, இங்கிலாந்தின் மான்செஸ்டர். பிரிட்டிஷ் ஏர்டூர்ஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ரன்வேயில் ஓடிக்கொண்டிருக்கும்போது இடது எஞ்சினுக்குள் எரிபொருள் எரியும் அறை ஒன்று விரிசல் விட்டு வெடித்தது, சிதறிய துண்டு இறக்கையில் இருந்த எரிபொருள் டேங்கைத் துளைத்தது. டயர் வெடித்திருக்கும் என்று நினைத்த விமானி டேக்-ஆஃபை நிறுத்தினார், விமானம் தரையை விட்டு எழும்பவே இல்லை. அப்படியும் 137 பேரில் 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையால். இறக்கைக்கு மேலே இருந்த கதவுக்குப் பக்கத்தில், அதாவது நான் உட்கார்ந்திருந்த மாதிரி இடத்தில் இருந்த பெண், பதற்றத்தில் கைப்பிடி என்று நினைத்து சீட்டின் ஆர்ம்ரெஸ்டைப் பிடித்து இழுத்திருக்கிறார். பக்கத்தில் இருந்த தோழி எக்கிச் சரியான கைப்பிடியை இழுத்ததும் 20 கிலோவுக்கு மேல் இருந்த கதவு அப்படியே அந்தப் பெண்ணின் மேல் விழுந்து அவரை சீட்டோடு அமுக்கிவிட்டது. பின்வரிசையில் இருந்த ஒருவர் அதைத் தூக்கிப் போட்ட பிறகுதான் வழி திறந்தது. விமானம் நின்று ஏறக்குறைய முக்கால் நிமிடம் ஆகியிருந்தது. புகைக்குள் முக்கால் நிமிடம். எமர்ஜென்சி வரிசையில் கால் நீட்ட இடம் தாராளமாக இருக்கிறதே, அது ஆள் நுழைந்து வெளியேறுவதற்காக இந்த விபத்துக்குப் பிறகு வலியுறுத்தி வாங்கிய இடம். விமான நிறுவனங்கள் அதைச் சொகுசு சீட் என்று சொல்லி விற்கின்றன, நானும் அப்படித்தான் வாங்கினேன்.

என் பெரிய குறை இதுதான். அட்டை 'செய்', 'செய்யாதே' என்று மட்டும் சொல்கிறது, ஏன் என்று ஒரு வரி இல்லை. பெட்டியின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி போட்டு, அவசரத்தில் எடுக்காதே என்கிறது. நம் ஆட்கள் இதைக் கேட்க மாட்டார்கள். விமானம் நிற்பதற்கு முன்பே எழுந்து மேலே கையை விடுகிறவர்கள் நாம். போன வருடம் ஒரு பயணத்தில், விமானம் இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே ஒருவர் இழுத்த பெட்டி கீழே இருந்த பெரியம்மாவின் தோளில் விழுந்ததை நேரில் பார்த்தேன். காரணத்தைச் சொன்னால் கேட்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். ஒரு புது ரக விமானத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்றால், பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 வினாடியில் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபிக்க வேண்டும். 2006-ல் ஏ380-க்கு நடந்த சோதனையில் 873 பேர் 78 வினாடியில் வெளியே வந்தார்கள். அந்தச் சோதனையில் யாரும் மேலே இருக்கும் பெட்டியை இறக்கிக்கொண்டு நிற்கவில்லை.

நிஜத்திலும் முடியும் என்பதற்கு டோக்கியோ ஹானெடா சாட்சி. 2024 ஜனவரி 2, தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350, ரன்வேயில் நின்றிருந்த கடலோரக் காவல்படை விமானத்தின் மேல் மோதியது. அந்தச் சிறிய விமானத்தில் நிலநடுக்க நிவாரணப் பொருள்கள் இருந்தன, ரன்வேக்குள் நுழைய அனுமதி கிடைத்துவிட்டது என்று அதன் கேப்டன் நினைத்துவிட்டார். அதில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். பெரிய விமானத்தில் 379 பேர். எட்டுக் கதவில் மூன்றுதான் பயன்பட்டது, உள்ளே மைக் வேலை செய்யவில்லை, ஊழியர்கள் மெகாஃபோனிலும் வெறும் தொண்டையிலும் கத்தினார்கள். 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். விமானம் அவர்களுக்குப் பின்னால் எரிந்து தரைமட்டமானது. பெட்டிகளும் அதோடு போயின. இதைச் சின்னப் படமாக அட்டையில் போட்டால் என்ன?

கேபினில் காற்றழுத்தம் குறைந்தால் மேலிருந்து விழும் ஆக்சிஜன் மாஸ்க் படம் பரவாயில்லை. மூக்கும் வாயும் சேர்த்து மூட வேண்டும் என்று சரியாகவே வரைந்திருக்கிறார்கள், ஆனால் 2018 ஏப்ரலில் அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் 737-ன் எஞ்சின் பிளேடு உடைந்து ஜன்னல் பெயர்ந்து ஒரு பெண் இறந்தாரே, அப்போது உள்ளே எடுத்த படத்தில் பலர் வாயை மட்டும் மூடிக்கொண்டு மூக்கை வெளியே விட்டிருந்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் விமானத்தில், கேபினுக்குள் காற்றழுத்தம் தரும் ஸ்விட்சை விமானிகள் போட மறந்ததால், பலருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்தது. மாஸ்க்கில் தொங்கும் பை உப்பாவிட்டாலும் ஆக்சிஜன் வரும் என்பதை அட்டை எங்கேயும் சொல்லவில்லை. தெரியாதவர் மாஸ்க் வேலை செய்யவில்லை என்று கழற்றிவிடுவார்.

பெல்ட் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2024 மே மாதம் லண்டனிலிருந்து வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மருக்கு மேலே குலுங்கியபோது பெல்ட் போடாதவர்கள் கூரையில் போய் இடித்தார்கள். நாலரை வினாடி, 178 அடி. அவ்வளவுதான் இறங்கியது.

விட்டுப்போனதில் முக்கியமானது பவர் பேங்க். நான் பார்த்த அட்டையில் அதன் படமே இல்லை. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் புசானில் கிளம்பத் தயாராக நின்ற ஏர் புசான் ஏ321, சீட்டுக்கு மேலே சாமான் வைக்கும் இடத்தில் பிடித்த தீயில் கூரை ஓட்டையாகிப் போனது. எல்லோரும் தப்பித்தார்கள். பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. என் வரிசையில் மூன்று பேரிடமும் பவர் பேங்க் இருந்தது, இரண்டு மேலே பைக்குள்.

அப்புறம் மொழி. சென்னையில் கிளம்புகிற விமானத்தில் அட்டை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். முதல் தடவை பறக்கிற எத்தனை பேர் நம் ஊரில் ஏறுகிறார்கள்! நாலு வரி தமிழ் சேர்க்க இடம் இருக்கிறது, பின்பக்கம் கால்வாசி காலி.

மதிப்பெண் போட வேண்டுமென்றால் படங்களுக்கு ஐந்துக்கு நாலு, விளக்கத்துக்கு இரண்டு, மொழிக்கு ஒன்று. எடுத்துப் படிக்க ஒரு நிமிடம் போதும், உங்கள் வரிசையிலிருந்து கதவு எத்தனை சீட் தள்ளி என்று முன்னும் பின்னும் எண்ணிக்கொள்ளுங்கள், புகையில் கண் தெரியாது, கைதான் எண்ணும்.

திரும்பி வரும்போது எனக்கு 21சி. நடுவில் மகளைப் பார்த்துவிட்டு வரும் பாட்டி ஒருவர். பெல்ட்டைக் கழற்றுவது எப்படி என்று கேட்டார், கார் பெல்ட் மாதிரி அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே தூக்கணும் பாட்டி என்று காட்டினேன், இரண்டு தடவை செய்து பார்த்தார். பிறகு அட்டையை விரித்து லைஃப் ஜாக்கெட் படத்தைக் காட்டினேன். 1996-ல் எத்தியோப்பிய விமானம் ஒன்று கடத்தப்பட்டு, எரிபொருள் தீர்ந்து கொமொரோஸ் தீவுக்குப் பக்கத்தில் கடலில் விழுந்தபோது, உள்ளேயே ஜாக்கெட்டை ஊதிக்கொண்டவர்கள் தண்ணீர் ஏற ஏறக் கூரையோடு ஒட்டி வெளியே நீந்த முடியாமல் போன கதையை அவரிடம் சொல்லவில்லை, பயந்துவிடுவார். படத்தில் விரலை வைத்து, "இந்தச் சிவப்புக் கயிற்றை எப்போ இழுக்கணும் தம்பி?" என்றார்.

"கதவு வாசலுக்குப் போன அப்புறம், பாட்டி."

"உள்ளே இழுக்கக் கூடாது."

"கூடாது."

இன்னொரு தடவை அவராகவே சொல்லிப் பார்த்துவிட்டு அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.